ஏறும்போதா, இறங்கும்போதா

மாலை நாலரைக்கு மேல் மெட்டு மலையிலிருந்து ஜீப்புகள் கம்பத்துக்குள் இறங்கத் தொடங்கும். ஏலத்தோட்டத்தில் வேலை முடித்த பெண்கள், காலியான தூக்குவாளிகள், மலைக்குளிர் இன்னும் விட்டுப் போகாத துண்டுகள், எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடைபட்டு வந்து ஸ்டாண்டில் நிற்கும். டிரைவர்கள் குதித்து இறங்கி டீக்கடைக்குப் போவார்கள். வண்டியின் நலம் விசாரிக்க நினைக்கும் எந்த மெக்கானிக்கும் அவர்கள் பின்னால் அந்த டீக்கடைக்குத்தான் போவான். பட்டறைக்கார அக்கா போகமாட்டார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கத்துக்கு நேராக வந்து நிற்பார். கடைசியாக ஏறியவள் கடைசிப் பலகையில், பின்சக்கரத்துக்கும் அப்பால், பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்து வந்திருப்பாள். அவள் கால் தரையில் படுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"ஏறும்போதா ஆத்தா, எறங்கும்போதா?"

"ரெண்டும் இல்லத்தா. வளைவுல. எட்டாவது வளைவுல என் கொண்டையே அவுந்து போச்சு."

"எந்தப் பக்கம் சாஞ்ச?"

"இவ மடியில விழுந்தேன். இவ வெத்தலையத் துப்பிட்டா. என் சட்டையைப் பாரு."

பெண்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். சட்டையில் வெற்றிலைச் சாறு தெறித்திருக்கும் பக்கத்தைக் குனிந்து பார்ப்பார், ஜீப்பின் வலது பின்பக்கத்தைக் காலால் ஒரு மிதி மிதிப்பார், "நாளைக்கு வண்டி மலைக்கு வராது, வேற வண்டியில போங்க" என்பார். டீக்கடையிலிருந்து டிரைவர் கத்துவான்: "ஏக்கா, வண்டி பூ மாதிரி போகுது!" அதற்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது.

"ஓட்டுறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

ஏன் தெரியாது என்று ஒருமுறை நான் கேட்டேன். ஓட்டுகிறவன் கட்சிக்காரனாகக் கேட்டேன். கையில் இருந்த ஸ்பேனரால் காற்றில் ஒரு சாலையை வரைந்து காட்டினார். "ஸ்டேரிங் பிடிச்சிருக்கவனுக்குப் பள்ளம் வரப்போறது முன்கூட்டியே தெரியும்ல? அவன் ஒடம்பு தயாராயிரும். பின்னால இருக்கவளுக்கு முதுகுதான் கண்ணு. பள்ளம் வந்தப்புறந்தான் அவ பள்ளத்தைப் பாப்பா."

பன்னிரண்டு வருடங்கள் அந்தக் கடைசிப் பலகையில் உட்கார்ந்து மலைக்குப் போய்வந்தவர் அவர். கணவர் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருந்தார். ஜீப்புகளுக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டுவது, ஷாக் அப்சார்பரைத் திறந்து எண்ணெய் மாற்றிச் சீல் போடுவது அவருடைய வேலை. மனைவி தினமும் மாலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், கணவர் தினமும் மாலை அதே ஜீப்பின் டிரைவரிடம் "எப்படி ஓடுது?" என்று கேட்டுத் திருப்தியடைவார். ஒருநாள் அக்கா பொறுக்காமல், "என்னய என்னைக்காவது கேட்டீகளா?" என்று சண்டை பிடித்தாராம். கணவர் கிண்டலாக, "அம்புட்டுத் தெரிஞ்சா நீயே வந்து மாட்டு" என்றாராம். மறுநாள் அக்கா மலைக்குப் போகவில்லை. பட்டறைக்குப் போனார். அதற்குப் பின் மலைக்குப் போகவே இல்லை.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன் தம்பி" என்பார் லேத்துக்காரர், என்னிடம், இரும்புத்தூளை ஊதிக்கொண்டே. "இப்ப நான் வெறும் லேத்துதான். முதலாளி அங்கன படுத்துக் கெடக்கா, ஜீப்புக்கு அடியில."

ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் வரும். "காது கேக்குது."

என் தம்பியின் காரை நான் அவரிடம் கொண்டுபோன கதை இப்படி.

அது சிவப்பு. இருபது வயதான ஜப்பான் வண்டி. இரண்டே கதவு. தரையோடு தரையாக ஓடும். பின்னால் ஒரு சீட்டு உண்டு, ஆனால் அதில் ஆளை உட்காரவைக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் மனதார நினைத்திருக்க முடியாது. தம்பி கோயம்புத்தூரில் கட்டட வேலைகளை மேற்பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தின்றதுபோக மிச்சமெல்லாம் அந்த வண்டிக்குத்தான். வண்டியோடு வந்த ஷாக்குகளைக் கழற்றிவிட்டு வேறொரு கம்பெனியின் ஷாக்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் போட்டான். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தலையில் ஒரு திருகு இருக்கும், அதைத் திருகினால் இறுக்கமும் தளர்வும் நம் இஷ்டம். அவற்றைப் பொருத்துவதற்காகப் பழைய பிடிமானங்களை வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டு வைத்தான். போடிமெட்டு வளைவுகளில் அவன் அதை ஓட்டுவதைப் பார்த்தால், மலையே அவனுக்காகத்தான் திரும்பித் திரும்பி வழிவிடுகிறது என்று தோன்றும்.

பிறகு ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தான்.

முதுகெலும்பில் இரண்டு கம்பி, ஆறு திருகாணி. இடது பாதம் கொஞ்சம் செத்துப்போனது. கிளட்சை மிதிக்க வராது. தேனியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கார் பின்னாலேயே லாரியில் வந்து கொட்டகைக்குள் நின்றது. பதினெட்டு மாதங்கள் அவன் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்தான். மதுரைக்கு ஆஸ்பத்திரி போகும்போது வாடகைக் காரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் கையைப் பிடித்து நசுக்குவான். கடைசித் தடவை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு சேர்ந்துவிட்டது, இனி பயம்தான் மிச்சம், இவரை வெளியே கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் அந்த அறைக்குள்ளேயே தங்கிவிடுவார் என்றார். வீட்டுக்கு வந்ததும் தம்பி சொன்னான்: "இனிமே எந்த வண்டியிலயும் ஏற மாட்டேண்ணே."

எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. வேறு எதில் ஏறாவிட்டாலும் சிவப்பில் ஏறுவான்.

கொட்டகையைத் திறந்து பார்த்தால், பின் ஷாக்குகள் இரண்டும் எண்ணெய் கக்கிக் கிடந்தன. தண்டில் கீறல். மேல்புஷ் ரப்பர் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. தலையிலிருந்த திருகுகளில் ஒன்று உடைந்திருந்தது. சென்னைக்குப் போன் போட்டேன், கோயம்புத்தூருக்குப் போட்டேன். அந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டது, சீல்கூட வருவதில்லை, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். வண்டியோடு வந்த பழைய ஷாக்கைப் போடலாம் என்றால், அதற்கான பிடிமானத்தை என் தம்பி வெட்டியெறிந்து ஆறு வருடம். உத்தமபாளையத்தில் ஒரு மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "கம்பத்துல ஒரு அக்கா இருக்காக. ஜீப்புக்குத்தான் பாப்பாக. சும்மா கேட்டுப் பாருங்க."

ஷாக்குகளைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனேன். அக்கா ஒன்றைக் கையில் வாங்கி, குழந்தையின் எடை பார்ப்பதுபோல் ஏந்தி, தண்டை அமுக்கினார். அது உள்ளே போய் அங்கேயே இருந்துவிட்டது.

"செத்துருச்சாக்கா?"

"அப்படியெல்லாம் சாகாது. எண்ணெயும் காத்தும்தான போயிருக்கு, இரும்பு இருக்குல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "இது யாரு உக்காரப் போற வண்டி?"

எல்லாரும் என்ன வண்டி என்று கேட்டார்கள், எந்த வருடம் என்று கேட்டார்கள். யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டது அவர் மட்டும்தான். தம்பியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மிச்சக் காற்றை மெதுவாக வெளியே விட்டு, மூடியைத் திருகித் திறந்தார். உள்ளேயிருந்து காகிதம்போல் மெலிந்த வாசர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எண்ணெய் போகிற வழியைத் திறந்து மூடுகிற வாசர்கள். ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்து, வெளியே வந்த வரிசையிலேயே அவற்றைச் சுற்றிலும் அடுக்கினார், பந்தியில் அப்பளம் வைப்பதுபோல. பதினொன்று. தட்டுக்கு மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார்.

"இந்தத் தட்டைத் தொட்டா கைய வெட்டுவேன்" என்றார் கணவரிடம்.

"சோத்துத் தட்டையெல்லாம் வாசருக்கு எடுத்துட்டா நான் எதுல திங்கிறது?"

"கையில வாங்கித் தின்னுங்க. நேந்துக்கிட்டதா நெனச்சுக்கங்க."

இரண்டு வாரம் நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. எழுத உட்கார்ந்தால் பாதி வரியில் எழுந்து பேருந்து ஏறிவிடுகிற பிறவி நான். அந்தப் பட்டறையில் மட்டும் ஒரு கவிழ்த்த டின்னின்மேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். தண்டு மதுரைக்குப் போய் குரோம் முலாம் பூசி நிலாவைப்போல் வந்தது. சீலுக்கு டிராக்டர் ஹைட்ராலிக் கடைகளையெல்லாம் சலித்து, சின்னமனூரில் ஒரு கடையில் அரை மில்லி பெரியதாக ஒன்று கிடைக்க, லேத்துக்காரர் அது உட்காரும் குழியை அரை மில்லி அகலப்படுத்தினார். புஷ் தடித்த பிளாஸ்டிக் உருளையிலிருந்து கடைந்து வந்தது. உடைந்த திருகுக்குப் பதிலாக ஒரு பித்தளைக் குமிழைக் கடைந்தார். அதற்குள் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு இரும்புக் குண்டுமணி விழ, திருகினால் 'டிக்' என்றது. அக்கா அதைக் காதோரம் வைத்து ஏழெட்டுத் தடவை திருகிப் பார்த்தார். "ஒரிசினல்ல இப்படிச் சத்தம் வந்துருக்காது" என்றார் கணவரிடம். அந்தப் பட்டறையில் அதுதான் அதிகபட்சப் பாராட்டு. லேத்துக்காரர் அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

வண்டியை லாரியில் ஏற்றிக் கம்பத்துக்கே கொண்டுவந்து மாட்டினோம். அங்கேதான் தப்பு நடந்தது.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் ஏற்றாமல் கடைசி முறுக்கு முறுக்கமாட்டார்கள். ஷாக்கும் பட்டையும் மாட்டியபின் அக்கா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிடுவார். "ஏலே, வா, ஏறி உக்காரு. பெரியம்மா, சித்த நேரம் உக்காந்துட்டுப் போங்க." காய்கறிப் பையோடு போகிறவர்கள் பழக்கப்பட்டவர்களைப்போல் ஏறி உட்காருவார்கள். பதினாலு பேர் நிறைந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் வண்டியின் உண்மையான உயரம். அந்த நிலையில் அடியில் படுத்து நட்டுகளை முறுக்கினால்தான் புஷ் முறுகாமல் இருக்கும். முடிந்ததும் எல்லாருக்கும் டீ. எங்கள் சிவப்புக்கும் அதையே செய்தார். பின்சீட்டில் இரண்டு பிண்ணாக்கு மூட்டை, பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் இரண்டு மூட்டை, முன்னால் நானும் லேத்துக்காரரும். பாவம், வண்டி வயிறு தரையில் பட உட்கார்ந்தது. அக்கா ஸ்பிரிங்கைத் தூக்கினார், குமிழை இறுக்கினார், நட்டை முறுக்கினார்.

நான் ஓட்டிக்கொண்டு தேனிக்கு வந்தேன். அற்புதமாக இருந்தது. சாலை கைக்குள் எழுத்து எழுத்தாகப் புரிந்தது. "பூ மாதிரி போகுதுடா" என்று தம்பியிடம் சொன்னேன்.

அவன் ஜன்னல் வழியாக அந்தச் சிவப்பை நெடுநேரம் பார்த்தான். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வந்தான். தெருமுனை வரைக்கும் மட்டும் என்றான். ஏறி, பெல்ட்டைப் போட்டு, டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்தான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு வேகத்தடை. நான் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஏற்றினேன். வண்டி ஏறியது, இறங்கியது, ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. தம்பியின் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பள்ளிக்கூட வாட்ச்மேன் வெளியே ஓடிவந்தார். இருபது நிமிடம் அங்கேயே நின்றோம். திரும்ப அவன் காரில் வரவில்லை. கோலை ஊன்றி, வேர்வை வழிய, நடந்தே வீட்டுக்கு வந்தான். நான் பக்கத்திலேயே காரைத் தள்ளுவண்டிபோல உருட்டிக்கொண்டு வந்தேன்.

"வித்துரு" என்றான். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் உதிரிபாகங்களுக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கே தம்பி அவருக்குப் போன் போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு.

அக்காவுக்கு நான் போன் போட்டுச் சொன்னேன். குறை சொல்வதற்காக இல்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் லேத் சத்தம் நின்றது.

"ஏறும்போதா, எறங்கும்போதா?"

"தெரியலக்கா."

"நீங்க ஸ்டேரிங்ல இருந்தீக. ஒங்களுக்கு எங்கிட்டுத் தெரியும்? அவரைக் கேளுங்க."

"அவன் யார்கூடயும் பேசமாட்டேங்கிறான்."

மறுநாள் காலை, பால்காரர் வந்துபோன கொஞ்ச நேரத்தில், முதல் பேருந்தில் வந்து எங்கள் வாசலில் நின்றார். அதே ஆண்பிள்ளைச் சட்டை. கையில் கனமான ஒரு ரெக்சின் பை. டீ கொடுத்தோம், குடிக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு நேராகத் தம்பியின் அறைக்குப் போனார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுது தம்பி. பதினாலு பேருக்கு வச்சே பழகிப் போச்சு. ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியல."

தம்பி சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "வண்டியில ஒண்ணும் தப்பில்ல. என் முதுகுலதான்."

"முதுகை ரிப்பேர் பாக்க எனக்குத் தெரியாது. அதை டாக்டரு பாத்துட்டாகளாம்ல. எனக்கு வண்டிதான் தெரியும். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்துருக்கேன். சொல்லுங்க, ஏறும்போதா, எறங்கும்போதா?"

அக்கா டீயை எடுத்து ஊதிக் குடித்தார். அவசரமே இல்லாமல் குடித்தார். ஜீப் ஸ்டாண்டில் ஒருத்தி தன் வலியைத் தேடிப் பிடித்துச் சொல்லும்வரை காத்திருந்து பழகிய பொறுமை அது. தம்பி கண்ணை மூடியிருந்தான். அந்த வேகத்தடைக்குத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அவன் நெற்றியைப் பார்த்து எனக்குத் தெரிந்தது.

"ஏறும்போது ஒண்ணும் இல்ல" என்றான் மெதுவாக. "எறங்கும்போதும் பரவாயில்ல. எறங்கி முடிச்சு, திரும்பத் தூக்கி வீசுச்சு பாருங்க... அங்கனதான்."

"இடதா, வலதா?"

"இடது. பின்னால இடது மொதல்ல. அப்புறம் வலது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்தீகளா? நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பூ மாதிரி இருக்குன்னீகளே!"

தம்பி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான். பதினெட்டு மாதமாக நாங்கள் எல்லாரும் அவனிடம் வலிக்குதா, வலிக்குதா என்றுதான் கேட்டிருக்கிறோம். ஆமாம் என்பதைத் தவிர அதற்கு அவன் வேறென்ன சொல்வான்?

பின் ஷாக்குகள் இரண்டையும் கொட்டகையிலேயே கழற்றி, ரெக்சின் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார் அக்கா. சனிக்கிழமை காலையில் அதே பையோடு திரும்பி வந்தார். வாசர்களில் இரண்டை மெலிசாக மாற்றியிருப்பதாகவும், எண்ணெய் திரும்பி வருகிற வழியை மட்டும் கொஞ்சம் குறுக்கியிருப்பதாகவும் தம்பியிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மாட்டி முடித்துவிட்டுக் கொட்டகையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"சின்னத்தம்பி, வாங்க. ஆள் உக்காரணும், முறுக்கணும்."

"அண்ணன் உக்காரட்டும்."

"அண்ணன் எடை எனக்கு எதுக்கு? பிண்ணாக்கு மூட்டைய நம்பி ஒரு தடவை ஏமாந்தாச்சு. வண்டி எங்கிட்டும் போகாது. சாவியே என் சட்டைப் பையிலதான் இருக்கு. வந்து சும்மா உக்காருங்க."

தம்பி வந்தான். இடதுபக்க முன்சீட்டில், கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, ஒரு காலை வெளியே ஊன்றி உட்கார்ந்தான். கீழேயிருந்து ஒரு கை வந்து அந்தக் காலைத் தட்டியது.

"முழு ஆளும் உள்ள வேணும். காலு எடை விட்டுப்போகுதுல்ல?"

காலை உள்ளே எடுத்தான். அக்கா அடியில் படுத்து முறுக்கத் தொடங்கினார். பிறகு வெளியே வந்து வண்டியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விடுவார். "எப்படி?" தம்பி சொல்வான். குமிழைத் திருகுவார். டிக், டிக். மறுபடி அமுக்குவார். "இப்ப?" "முன்னாடி வச்சதுதான் நல்லாருந்துச்சு." டிக். "இப்ப?" "இடது பக்கம் ஒண்ணு சேத்து வைங்கக்கா." "அதான பாத்தேன். வாயத் தெறந்தா நிறுத்த மாட்டீக போல." தம்பி சிரித்தான். மலையில் என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்று கேட்டான். பாட்டா, வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வோம், பன்னிரண்டு வருடம் பல்லைக் கடித்தே போய்வந்தேன், பாரு கடைவாய்ப்பல்லை என்று வாயைத் திறந்து காட்டினார் அக்கா. வண்டி ஓரங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஒன்றரை மணிநேரம் என் தம்பி அதற்குள் உட்கார்ந்திருந்தான், முதுகுக்குத் தலையணை கேட்கவில்லை. அது அவனுக்கே தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை.

கடைசி நட்டை முறுக்கிவிட்டு அக்கா கையைத் துடைத்தார். "முடிஞ்சது. இந்த வண்டி இப்ப இந்த ஆளு எடைக்குத்தான் சரி. இவரு உக்காரலேன்னா கோணலாத்தான் போகும்." பிறகு பையைத் தூக்கினார். "பஸ் ஸ்டாண்டுல விட்டுருங்க. அவுக அங்கன சோத்தைக் கரிச்சு வச்சிருப்பாக."

சாவியை என்னிடம் நீட்டினார். நீட்டிவிட்டு, முன்சீட்டை மடக்கி, யாரும் உட்காராத அந்தப் பின்சீட்டுக்குள் நுழைந்தார். முழங்கால் முகவாயில் இடித்தது.

"அக்கா, முன்னாடி உக்காருங்க, கஷ்டமா இருக்கும்."

"என் சீட்டு இதான்."

தம்பி வெளியே நின்றுகொண்டிருந்தான். கோல் கையில். அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, சாவியைத் திருகி என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவும் அவனைக் கூப்பிடவில்லை. மடிந்து உட்கார்ந்தபடி தன் சட்டைக்கையில் ஒட்டியிருந்த கிரீசைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு இடதுபக்கக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்குந்தான்" என்றான்.

பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்தது. நான் மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்தேன். ஏறியது. இறங்கியது. இறங்கி முடித்து, ஒரு கணம், நீருக்குள் உட்காருவதுபோல் அமிழ்ந்து, அப்படியே நின்றது. வீசவில்லை. பின்னாலிருந்து கேள்வி வருவதற்குள் தம்பி சொன்னான்: "எறங்கி முடிச்சப்ப லேசா. லேசாத்தான்."

"எத்தனை டிக்கு?"

"ஒண்ணு குறைக்கலாம்."

பஸ் ஸ்டாண்டு வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். தம்பி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "போ" என்றான். பழனிசெட்டிபட்டி தாண்டி வீரபாண்டி ஆற்றுப் பாலத்தில் காற்று உள்ளே வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே சொன்னான்: "அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிரு." சின்னமனூர் வயல்களும் உத்தமபாளையத்துத் தென்னைகளும் அவனுடைய பக்கத்து ஜன்னலில் ஒவ்வொன்றாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பதில். நடுவில் இருந்த எனக்கு வேலையே இல்லை, நான் வெறுமனே ஓட்டினேன்.

கம்பத்தில் பட்டறை வாசலில் லேத்துக்காரர் நின்றிருந்தார். அக்காவைப் பின்சீட்டிலிருந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். "எப்படி ஓடுச்சு தம்பி?" என்று பழக்கதோஷத்தில் என்னைக் கேட்டார். அக்கா அவர் தோளைப் பிடித்து, மறுபக்கக் கதவின் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

ஏழெட்டு வருடமாகிவிட்டது. சாலையை அகலப்படுத்தியபோது அந்தப் பட்டறை போய்விட்டது. இப்போது மெட்டுக்கு மேலே, கேரளத்துப் பக்கம் வைத்திருக்கிறார்கள், அங்கே ஜீப்புகள் இன்னும் அதிகம் என்கிறார்கள். போக வேண்டும், போக வேண்டும் என்றே நாளாகிறது. அவர் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தம்பியின் போனில் அந்த எண் 'கடைசி சீட்டு' என்றுதான் பதிந்திருக்கிறது. கிளட்ச் இன்னும் அவனுக்கு வராது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் என்னை எழுப்பி, சாவியைக் கையில் திணித்து, எங்காவது போகச் சொல்கிறான். போடியில் ஒரு கட்டடத்தை மேற்பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறான், கீழ்த்தளம் மட்டும்.

போன வாரம் போடிமெட்டு ஏறினோம். ஆறேழு வளைவு தாண்டியதும் நிறுத்தச் சொன்னான். இறங்கினான். முன்சீட்டை மடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் தலை, பிறகு தோள், கடைசியாக அந்த இடது காலைக் கையால் தூக்கி வைத்து, பின்சீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். டேய், முதுகு என்றேன். "ஓட்டு" என்றான். அடுத்த நாலு வளைவும் அங்கேதான். கண்ணாடியில் அவன் தலை மட்டும் தெரிந்தது, பிறகு கையில் போன், ஸ்பீக்கரில்.

"அக்கா, கடைசி சீட்டுலருந்து பேசுறேன்."

எதிர்முனையில் லேத் நின்றது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏறும்போதா, எறங்கும்போதா?"

"ரெண்டும் இல்லக்கா. ஒண்ணுமே இல்ல. அதைச் சொல்லத்தான் போட்டேன்."

மலைக்காற்று மட்டும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக. பிறகு அந்தக் குரல், நம்பாத குரல்.

"அப்ப நடுவுல உக்காந்திருக்கீக. ஓரத்துக்கு நகந்து உக்காருங்க, தெரியும்."

கண்ணாடியில் பார்த்தேன். நகர்ந்து உட்கார்ந்தான்.